உயரக் கணக்கில் சேராத நாள்

கிளிமஞ்சாரோ மலையின் மச்சாமே பாதையில் மூன்றாம் நாள் நடையை வரைபடத்தில் பார்க்கிற எவருக்கும், இது என்ன வீண்வேலை என்றுதான் முதலில் தோன்றும். காலையில் ஷிரா முகாமிலிருந்து கிளம்புகிறார்கள். அது ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. செடிகொடி குறைந்து கல்லும் புழுதியுமாகிவிட்ட சரிவில் நான்கைந்து மணி நேரம் ஏறி, லாவா டவர் என்னும் கரிய எரிமலைப் பாறையின் அடிக்கு வருகிறார்கள், 4,600 மீட்டர். அங்கே மதிய உணவு. பிறகு ஏறியதில் பெரும்பகுதியை இறங்கிக் கழித்துவிட்டு, பரான்கோ பள்ளத்தாக்கில் கூடாரத்துக்குள் போய்ப் படுக்கிறார்கள். அந்த முகாம் 3,900 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். பத்துக் கிலோமீட்டருக்குக் குறையாத நடை, ஏற்றமும் இறக்கமும் சேர்ந்து முழங்காலைப் பிடித்துவிடும் பகல், பலருக்குத் தலைவலி, சிலருக்கு வாந்தி. கடைசியில் கணக்கில் சேர்ந்தது நூறு, நூற்றைம்பது மீட்டர். இத்தனைக்கும் ஷிராவிலிருந்து பரான்கோவுக்கு லாவா டவரைத் தொடாமலே போகும் கீழ்ப்பாதை ஒன்று உண்டு. சுமைதூக்கிகள் பெரும்பாலும் அதில்தான் போகிறார்கள். மற்றவர்கள் வந்து சேர்வதற்குள் கூடாரம் அடித்து, அடுப்பில் தண்ணீர் வைத்துவிடுகிறார்கள். ஆக, மேலே போய்க் கீழே வரும் அந்தப் பகல் எந்த இடத்துக்கும் போய்ச் சேர்வதற்காக ஏற்பட்டதல்ல. ஏறுகிறவரின் உடம்புக்காகவே ஏற்பட்டது.

மலையேற்றத்தைப் பற்றி எழுதப்படுவதிலும் பேசப்படுவதிலும் பெரும்பங்கு உச்சியைப் பற்றியது. 5,895 மீட்டரில் உஹுரு சிகரத்தின் பெயர்ப்பலகைக்கு முன்னால் நின்று எடுத்த படம்தான் பயணத்தின் சான்றிதழாகக் காட்டப்படுகிறது. பயண நிறுவனங்களின் விளம்பரமும் அந்தப் படத்தைத்தான் விற்கிறது. உயர்மலையில் ஒரு பயணம் நன்றாக அமைந்ததா என்பதை உச்சியை வைத்து அளக்கக்கூடாது, ஒவ்வோர் இரவும் எந்த உயரத்தில் படுத்தார்கள் என்பதை வைத்தே அளக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். லாவா டவர் போன்ற, கணக்கில் எதுவும் சேர்க்காத ஒரு கடினமான நாளே அந்தப் பயணத்தின் முதுகெலும்பு. மன உறுதி, கால்வலு, பணம் மூன்றும் மலையில் உதவுபவைதான். ஆனால் அவற்றில் எதுவும் நாட்களுக்கு ஈடாகாது.

இதற்குக் காரணம் உடம்பின் வேலைமுறையில் இருக்கிறது. காற்றில் ஆக்சிஜனின் பங்கு கடற்கரையிலும் கிளிமஞ்சாரோ உச்சியிலும் ஒன்றேதான், நூற்றுக்கு ஏறத்தாழ 21. மாறுவது காற்றின் அழுத்தம். லாவா டவரில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் மூன்று பங்குக்கும் குறைவு; உச்சியில் ஏறத்தாழ பாதி. மலையில் ஆளை வீழ்த்துவது இந்த ஆக்சிஜன் அழுத்தக் குறைவே என்பதைப் பிரெஞ்சு உடலியலாளர் போல் பெர், காற்றழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் கூடிய அறைகளில் சோதித்து, 1878இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். குறைவை உணர்ந்ததும் உடம்பு செய்யும் முதல் வேலை மூச்சைக் கூட்டுவது. கழுத்துத் தமனிகளில் உள்ள உணர்வுறுப்புகள் இந்த ஆணையைச் சில நிமிடங்களில் பிறப்பித்துவிடும். ஆனால் மூச்சு கூடினால் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறும், ரத்தத்தின் காரத்தன்மை ஏறும், மூளை உடனே மூச்சுக்குக் கடிவாளம் போடும். இந்த முட்டுக்கட்டையை நீக்குவது சிறுநீரகம். அது பைகார்பனேட்டைச் சிறுநீரில் வெளியேற்றி ரத்தத்தைச் சமன்செய்தால்தான் மூச்சு தடையின்றிக் கூட முடியும். அந்த வேலை மணிக்கணக்கில் தொடங்கி நாள்கணக்கில் நடக்கிறது. புதிய சிவப்பணுக்கள் உருவாகிப் பயன்தர வாரங்கள் ஆகும் என்பதால், ஒரு வாரப் பயணத்தில் அவற்றைப் பெரிதாக நம்ப முடியாது. மாவு புளிக்க எடுக்கும் நேரத்தை அடுப்பைக் கூட்டிக் குறைக்க முடியாததுபோல, சிறுநீரகம் எடுத்துக்கொள்ளும் நேரத்தை வேகமாக நடந்து குறைக்க முடியாது.

கூடாரத்துக்கும் இதற்கும் உள்ள உறவு பலர் நினைப்பதைவிட நெருக்கமானது. பகலில் நடக்கும்போது மூச்சை நாம் ஓரளவு நம் கையில் வைத்திருக்கிறோம். வேகத்தைக் குறைக்கிறோம், நிற்கிறோம், ஆழ இழுக்கிறோம். தூக்கத்தில் அந்தப் பிடி போய்விடுகிறது. உயரத்தில் உறங்குகிறவரின் மூச்சு சிறிது நேரம் ஏறி ஏறி வந்து, பின் தேய்ந்து, சில நொடிகள் நின்றேவிடும். அப்புறம் திடுக்கென்று ஓர் இழுப்பு. பக்கத்தில் படுத்திருப்பவர் பயந்து எழுப்பிவிடுவதும் உண்டு. இப்படி விட்டுவிட்டு வரும் மூச்சில் ரத்தத்தின் ஆக்சிஜன் பகலில் இருந்ததைவிடவும் இறங்குகிறது. பகலில் சில மணி நேரம் எட்டிப் பார்த்த உயரத்தைவிட இரவு முழுக்கப் படுத்துக் கிடந்த உயரமே உடம்பை அதிகம் சோதிக்கிறது. அதனால்தான் உயர்மலை மருத்துவ வழிகாட்டுதல்கள் படுக்கும் உயரத்தை அளவுகோலாக வைத்திருக்கின்றன. 3,000 மீட்டருக்கு மேல், அடுத்தடுத்த இரவுகளில் படுக்கும் உயரத்தை 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். இந்த அளவுகோலை வைத்து, ஐந்தே நாளில் ஏறி இறங்கும் மராங்கு பாதைத் திட்டத்தைப் பாருங்கள். முதல் இரவு 2,700 மீட்டர் அளவில், இரண்டாம் இரவு 3,700, மூன்றாம் இரவு 4,700. அந்த மூன்றாம் இரவிலும் முழுத் தூக்கம் கிடையாது, நள்ளிரவில் எழுந்து உச்சிக்குக் கிளம்ப வேண்டும். நாளுக்கு 1,000 மீட்டர் என்பது அறிவுரையைப் போல இரண்டு மடங்கு. மச்சாமே பாதையிலும் முதல் இரவுக்கும் இரண்டாம் இரவுக்கும் இடையே 800 மீட்டர் போலத் தாவல் உண்டு. மூன்றாம் நாள் அந்தத் தாவலுக்கான கடனை அடைக்கிறது.

இதற்கு வலுவான சான்று ஆப்பிரிக்காவிலிருந்து வரவில்லை, எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போகும் வழியிலிருந்து வந்தது. பீட்டர் ஹேக்கெட், டிரம்மண்ட் ரென்னி என்ற இரு மருத்துவர்கள் 4,243 மீட்டரில் உள்ள பெரிச்சே கிராமத்தில், அவ்வழியே வந்த 278 மலைநடையாளர்களைச் சோதித்து, 1976இல் லான்செட் இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். பாதிக்கும் சற்று மேற்பட்டோருக்கு, நூற்றுக்கு 53 பேருக்கு, மலைநோய் இருந்தது. லுக்லா வரை விமானத்தில் வந்து இறங்கி நடந்தவர்களில் நூற்றுக்கு 60 பேர். கீழிருந்தே நடந்து வந்தவர்களில் 42 பேர். நடந்து வந்தவர்கள்தான் அதிக நாள் பாதையில் கழித்தவர்கள். ஆனாலும் நோய் அவர்களைக் குறைவாகவே தொட்டது. இளையோரிடம் அது கூடுதலாக இருந்தது என்பதையும் அந்த ஆய்வு கண்டது. நம் நாட்டின் சான்று இதைவிடக் கசப்பானது. 1962 சீனப் போரை ஒட்டி, சமவெளியிலிருந்து விமானத்தில் ஏற்றி இமயத்தின் உயரங்களில் நேரே இறக்கப்பட்ட படைவீரர்கள் நோயுற்று விழுந்தார்கள். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு இறந்தவர்களும் உண்டு. இந்தர் சிங்கும் உடன் பணியாற்றிய ராணுவ மருத்துவர்களும் 1,925 வீரர்களைப் பற்றி 1969இல் எழுதிய கட்டுரை இன்றும் இத்துறையின் அடிப்படைகளில் ஒன்று. அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட இளைஞர்கள், பயிற்சி பெற்ற உடம்பு, பின்வாங்குவது இழுக்கு என்று வளர்க்கப்பட்டவர்கள். உறுதிக்கும் வலுவுக்கும் இதற்குமேல் என்ன சோதனை வேண்டும்? அந்தப் பாடத்தை இந்திய ராணுவம் ஆணையாகவே மாற்றிக்கொண்டது. 2,700 முதல் 3,600 மீட்டர் வரை ஆறு நாள், 4,500 வரை மேலும் நான்கு நாள், அதற்கு மேல் இன்னும் நான்கு நாள். அதிகாரி அவசரப்பட்டாலும் வீரர் ஆசைப்பட்டாலும் இந்த நாட்கள் குறைவதில்லை.

கிளிமஞ்சாரோ வரலாறும் இதையே சொல்கிறது. ஜெர்மன் புவியியலாளர் ஹான்ஸ் மேயர் 1887இல் இதன் உச்சிக்கு முயன்று பனியிடம் தோற்றுத் திரும்பினார். 1889இல் ஆஸ்திரிய மலையேறி லுட்விக் புர்ட்ஷெல்லரோடு வந்தபோது, மலைமேலேயே முகாம்கள் போட்டு, மராங்குவிலிருந்து ஆட்கள் மூலம் உணவை மேலே வரவழைத்துக்கொண்டு தங்கினார். அக்டோபர் 3 அன்று இருவரும் எரிமலை வாயின் விளிம்பை எட்டிவிட்டார்கள். உச்சி அங்கிருந்து கண்ணெதிரே இருந்தது. உடம்பு ஒத்துழைக்கவில்லை, நேரமும் போய்விட்டது, இறங்கினார்கள். கீழ் முகாமில் இளைப்பாறி மறுபடி ஏறி, 6ஆம் தேதி உச்சியைத் தொட்டார்கள். பனியில் படி வெட்டிய திறமையைப் புத்தகங்கள் பாராட்டுகின்றன, அது நியாயமே. ஆனால் ஏறி, இறங்கி, தங்கி, மறுபடி ஏறிய அந்த மூன்று நாட்களை நான் அதைவிட மேலாக வைப்பேன். லாவா டவர் நாளின் மூல வடிவம் அங்கே இருக்கிறது. அதைச் சாத்தியமாக்கியவர்கள் மேலும் கீழும் சுமை தூக்கிக்கொண்டிருந்த ஆட்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும். மலையோட்டக்காரர் கார்ல் எக்லாஃப் 2014இல் இதே மலையில் ஏறி இறங்க 6 மணி 42 நிமிடமே எடுத்துக்கொண்டாரே, அப்படியானால் காலம் தேவை என்ற வாதம் என்னாவது? இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். மலைநோய் போய்ச் சேர்ந்த கணத்தில் தாக்குவதில்லை. பொதுவாக ஆறு மணி நேரத்துக்கு மேல் கழிந்தே தலைதூக்கும். எக்லாஃப் அதற்குள் ஆபத்தான உயரத்தைவிட்டு இறங்கியாகிவிட்டது. அத்துடன் அவர் ஏறத்தாழ 2,850 மீட்டரில் உள்ள ஈக்வடாரின் கீட்டோ நகரத்தில் வளர்ந்தவர். பிறந்ததிலிருந்தே அவர் உடம்பு அந்தத் தவணையைக் கட்டிக்கொண்டிருக்கிறது. சென்னையிலோ மும்பையிலோ மின்தூக்கியில் ஏறி இறங்கி வாழ்கிறவர் அவரை முன்மாதிரியாகக் கொண்டால் நஷ்டம் முன்மாதிரிக்கு அல்ல. தினமும் ஓடுகிற, உடற்பயிற்சிக்கூடத்துக்குப் போகிற உடம்புக்கும் இதில் சலுகை இல்லை. நல்ல தேகக்கட்டு நடையை எளிதாக்கும், நோயைத் தடுக்காது. சொல்லப்போனால் வலுவுள்ளவர் வேகமாக ஏறிவிடுகிறார், தலைவலியைப் பொருட்படுத்தாமல் நடக்கிறார், அதனால் ஆபத்து கூடுகிறது.

மாத்திரை இருக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. டயமாக்ஸ் என்று எல்லோரும் அறிந்த அசெட்டசோலமைடு உண்மையில் பயனுள்ள மருந்து. அதைக் கோழைத்தனம் என்றோ ஏமாற்று என்றோ பேசும் வீராப்பில் எனக்குச் சம்மதமில்லை. மருத்துவரைக் கேட்டு அதை எடுத்துக்கொள்வதில் எந்த இழுக்கும் கிடையாது. ஆனால் அது செய்வது என்ன? சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியேற்றும் அதே வேலையைத் துரிதப்படுத்துகிறது. உடம்பு எப்படியும் செய்யவேண்டியதை முன்கூட்டித் தொடங்கிவைக்கிறது. நாட்களைச் சற்றுச் சுருக்கலாம், இல்லாமலாக்க முடியாது. கணிசமானோருக்கு மாத்திரை எடுத்தும் நோய் வருகிறது. தலைவலியை மறைக்கும் வலிமாத்திரைகளோடு இதைக் குழப்பிக்கொள்வது இன்னும் மோசம். அவை மணியை அடிக்கவிடாமல் நாக்கைக் கட்டிவிடுகின்றன.

இவற்றைவிடக் கூர்மையான கேள்வி ஒன்று உண்டு. படுக்கும் உயரம்தான் முக்கியம் என்றால், பேசாமல் சுமைதூக்கிகளின் கீழ்ப்பாதையிலேயே பரான்கோவுக்குப் போய்விடலாமே. எதற்கு 4,600 வரை ஏறி அவதிப்பட வேண்டும்? அங்கே இருக்கும் ஒன்றிரண்டு மணி நேரம் உடம்பை எவ்வளவு பழக்குகிறது என்பதை மலையேறிகள் அடித்துச் சொல்வதுபோல் அறிவியல் இன்னும் அடித்துச் சொல்லவில்லை. பரான்கோவில் படுக்கும் இரவின் நன்மை உறுதியானது. லாவா டவரின் நன்மை அதைவிடத் தளர்வான ஊகம். அப்படியிருந்தும் அந்த ஏற்றத்தை நான் ஆதரிப்பதற்குக் காரணம், அது ஒரு பரீட்சை. ஓரிரு இரவுகள் கழித்து, உச்சிக்கு முந்திய பராஃபு முகாமில் படுக்கப்போகும் உயரமும் லாவா டவரின் உயரமும் ஏறத்தாழ ஒன்று. அந்த உயரத்தில் இந்த உடம்பு எப்படி இருக்கும் என்பது, இறங்குவதற்குப் பாதை கண்ணெதிரே இருக்கும் ஒரு பகலில் தெரிந்துவிடுகிறது. அங்கே வந்த தலைவலி பரான்கோவுக்கு இறங்கியதும் தணிந்தால் உடம்பு வழிக்கு வருகிறது என்று பொருள். இறங்கியும் தணியாவிட்டால், நேர்கோட்டில் நடக்கையில் கால் பின்னினால், மேலே போவதைப் பற்றி மறுபேச்சே கிடையாது. இதை உச்சிக்குப் போகும் நள்ளிரவில், உறைகுளிரில், இருட்டில் கண்டுபிடிப்பதைவிட மதிய உணவு நேரத்தில் கண்டுபிடிப்பது மேல்.

பரான்கோவின் மாலையே அந்தப் பரீட்சையின் திருத்தக்கூடம். உணவுக் கூடாரத்தில் வழிகாட்டி ஒவ்வொருவர் விரலிலும் ரத்த ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்க்கிறார். சில்லிட்ட விரலில் அது தவறான எண்ணைக் காட்டும் என்பதால், முதலில் தேநீர்க் குவளையைச் சுற்றிக் கையைச் சூடாக்கிக்கொள்ளச் சொல்கிறார். ஊரில் 98 காட்டும் விரல் இங்கே எண்பதுகளில் நிற்கும். எண்ணைவிட அவர் கேட்கும் கேள்விகளே முக்கியம். தலைவலி உண்டா, சாப்பாடு இறங்குகிறதா, தலை சுற்றுகிறதா, எவ்வளவு அசதி? இந்த உயரத்தில் தண்ணீர் 87 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுவதால், குக்கர் இல்லாமல் வடித்த சோறு நறுக்கரிசியாகவே நிற்கும். சமையற்காரர் சூப்பும் கஞ்சியுமாக எதையாவது உள்ளே இறக்கப் பார்க்கிறார். வெளியே அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க டென்ட்ரோசெனெசியோ என்னும் மரச்செடிகள், ஆளைவிட உயரமாக. உதிராத காய்ந்த இலைகளைத் தண்டைச் சுற்றிக் கம்பளிபோல் வைத்திருக்கின்றன. இருட்டியதும் உச்சியில் உள்ள பச்சை இலைகள் குவிந்து நடுக்குருத்தை உறைபனியிலிருந்து மூடிக்கொள்கின்றன. பகலில் கொளுத்தும் வெயில், இரவில் உறைநிலை என்னும் இந்த மலையின் ஒழுங்குக்கு அவை எத்தனையோ தலைமுறைகளாக இசைந்து வளர்ந்தவை. நமக்குக் கிடைத்திருப்பது ஒரு வாரம்.

கடைசி மறுப்பு பணம் பற்றியது, இதுவே எனக்கு மிகக் கனமாகத் தோன்றுகிறது. கிளிமஞ்சாரோ தேசியப் பூங்காவில் கட்டணம் நாள்வாரியாக வசூலாகிறது. கூடுதலாக ஒரு நாள் என்றால் பூங்காக் கட்டணம், முகாம் கட்டணம், உணவு, அத்தனை பேருக்கும் கூலி எல்லாம் ஏறும். அதிக நாள் தங்கு என்பது வசதியுள்ளவருக்கு மட்டும் சொல்லும் அறிவுரை ஆகாதா? ஆகும், உச்சியை அளவுகோலாக வைத்திருக்கும் வரை ஆகும். குறைந்த பணமும் ஐந்து நாள் விடுப்பும் உள்ளவருக்கு அதே உச்சியை விற்கிறபோது, தள்ளுபடி அவர் உடம்பிலிருந்துதான் கழிக்கப்படுகிறது. அவர் உடம்பிலிருந்து மட்டுமல்ல. ஒவ்வொரு மலையேறிக்கும் மூன்று நான்கு பேர் சுமக்கிறார்கள். சுமை 20 கிலோவுக்கு மேற்படக்கூடாது என்று விதி இருக்கிறது, நுழைவாயிலில் தராசும் இருக்கிறது. நாட்களுக்கு அப்படித் தராசு இல்லை. திபெத்தியர்களுக்கு உள்ள பரம்பரைத் தகவமைப்பு கிளிமஞ்சாரோ அடிவார மக்களுக்கு இல்லை. 1,000 முதல் 1,800 மீட்டர் உயரத்தில் வாழைத்தோட்டத்துக்கு நடுவே வாழ்கிறவர்கள் அவர்கள். அடிக்கடி ஏறுவதால் ஓரளவு பழக்கம் இருக்கும், ஆனாலும் மெல்லிய சட்டையோடு, பலர் நெருக்கியடித்துப் படுக்கும் கூடாரத்தில் அவர்களும் நோயுறுகிறார்கள். வாடிக்கையாளரை விரலில் கருவி மாட்டிச் சோதிக்கிற வழிகாட்டி, பானையைத் தூக்கி வந்தவரைச் சோதிப்பது அபூர்வம். நாளைக் குறைத்து விலையைக் குறைக்கும் ஒவ்வொரு திட்டமும் இவர்களின் கூலி நாளையும் சேர்த்தே குறைக்கிறது.

ஐந்து நாள்தான் இருக்கிறது என்றால் ஐந்து நாளுக்கு ஏற்ற உயரத்துக்குப் போகலாம். ஷிரா பீடபூமியில் கூடாரமடித்து நடந்துவிட்டுத் திரும்பலாம். அருகிலேயே உள்ள மேரு மலை 4,500 மீட்டரைச் சற்றே தாண்டுவது. கிளிமஞ்சாரோவுக்கு முன்னால் உடம்பைப் பழக்கவென்றே பலர் அதில் ஏறுகிறார்கள், அதை மட்டுமே ஏறிவிட்டுத் திரும்புவதில் எந்தக் குறைவும் இல்லை. அவசரத்துக்கு நம்மவர்களுக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் லடாக்கின் லே நகரம். சென்னையிலிருந்து காலை விமானம் பிடித்தால், டெல்லியில் மாறி, அடுத்த நாள் 3,500 மீட்டரில் இருக்கலாம். இறங்கிய மறுநாளே 5,300 மீட்டரைத் தாண்டும் கர்துங் லா கணவாய்க்குக் கார் வைத்துக் கூட்டிப்போகும் பயணத்திட்டங்கள் இருக்கின்றன. வயதான பெற்றோர்களும் குழந்தைகளும் அந்தக் காரில் இருக்கிறார்கள். பயண நிறுவனங்கள் விளம்பரத்தில் உச்சிப் படத்துக்குப் பக்கத்தில், ஒவ்வோர் இரவும் படுக்கப்போகும் உயரத்தை மீட்டரில் அச்சிட வேண்டும் என்று ஒரு விதி வந்தால் போதும், பல திட்டங்களைப் படித்த மாத்திரத்திலேயே ஒதுக்கிவிடலாம். விதி வரும்வரை கேட்பது பயணி கையில் இருக்கிறது. எத்தனை இரவு, எந்தெந்த உயரம், இறங்கிப் படுக்கும் நாள் எது, ஒருவர் நோயுற்றால் அவரோடு யார் இறங்குவார், சுமைதூக்கி நோயுற்றால் யார் இறங்குவார். முன்பணம் கட்டுவதற்கு முன் இந்த ஐந்துக்கும் எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.